பச்சை டாட்ஜில் விளக்கு எரிகிறது

மே 14, செவ்வாய்

முட்டியைக் காட்ட டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பினால் வாசற்படியில் டேல் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு தட்டை அட்டைப்பெட்டி.

"என்னடா இது?"

"ஃபிப்ரவரி எழுபத்தொன்பது. நாமதான்."

கல்லூரி வானொலி வேறு கட்டடத்துக்கு மாறுகிறதாம். அடித்தளத்தைக் காலி செய்யும்போது இந்த ஒலிநாடா ரீல் கிடைத்திருக்கிறது. பெட்டியின் மேல் கறுப்பு மையில் எங்கள் குழுவின் பெயர் — சால்ட் டிரக். பனிக்காலத்தில் க்ளீவ்லாந்து தெருக்களில் உப்புத் தூவிக்கொண்டு போகும் லாரிதான். அதைவிடச் சத்தமாக வாசிப்போம் என்று வைத்த பெயர். டேல் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். பங்க் ராக் பிள்ளைகளை வைத்து ரெக்கார்டு போட அப்போது இந்த ஊரில் ஒருத்தனும் வரவில்லை. ஹங்கேரியன் ஹாலில் நாங்கள் வாசித்ததை வானொலி நேரடியாக ஒலிபரப்பியது, அவ்வளவுதான் எங்கள் சரித்திரம்.

அன்று ஹால் வாசலறையில் உட்கார்ந்து பேசிய அறிவிப்பாளர் என் அண்ணன் நார்பர்ட். இரண்டு வருடம் கழித்து ஏரிச்சாலையில் பனியில் கார் வழுக்கிப் போய்விட்டான். வாரம் மூன்று நாள் ரேடியோவில் பேசியவன். அவன் குரல் இன்று எங்கேயும் இல்லை. நிலையத்தில் பழைய நாடாக்களை அழித்து அழித்துத் திரும்பப் பதிவு செய்வார்கள்.

டேலுக்குப் பாட்டு வேண்டும். எனக்குப் பேச்சு வேண்டும்.

மே 18, சனி

நாடாவை உடனே ஓட்டக் கூடாதாம். பழசானதால் பிசுபிசுக்கிறது, ஓட்டினால் காந்தப்பூச்சு உரிந்துவிடும். அதுவரை சும்மா இருக்க முடியாமல், அன்று வீட்டில் ரேடியோவிலிருந்து பதிவு செய்தவர்கள் யாராவது உண்டா என்று ஃபேஸ்புக்கில் கேட்டேன். நாலு கேசட் வந்து சேர்ந்தது.

நாலிலும் பாட்டு இருக்கிறது. நாலிலும் அண்ணன் இல்லை. அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் பாஸ் பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்துவதுதானே அந்தக் காலத்துப் பழக்கம்? கேசட்டில் இடம் வீணாகக் கூடாது. ஒன்றில் மட்டும் "சரி, அடுத்—" டக். அமுக்கியவன் கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. அந்த ஒன்றரை வார்த்தையை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

டேலிடம் சொன்னேன். "உங்க அண்ணன் வாயத் தொறந்தா நானே அமுக்கியிருப்பேனே" என்கிறான். தடியன்.

அவன் வண்டியில்தான் கடைக்குப் போனோம். இறங்கும்போது, "ரேடியோவ அணைச்சிட்டியா தாயே?" நாற்பது வருடமாக இதே குத்தல். எழுபத்தொன்பதில் அந்தக் கச்சேரி முடிந்து வந்தால் அவன் பச்சை டாட்ஜ் கார் உயிரில்லாமல் நின்றது. கடைசியாக இறங்கிய நான் ரேடியோவை அணைக்காமல் விட்டதால் பேட்டரி தீர்ந்ததாம். அத்தனை பனியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நான் அணைத்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

மே 23, வியாழன்

இந்த மாதிரி நாடாவை மெல்லிய சூட்டில் வாட்டினால் சரியாகுமாம். சில வாரம்தான் தாங்கும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வாட்டுவதற்கு டேலிடம் பெட்டி இருக்கிறது — வேட்டைக் காலத்தில் மான் இறைச்சியைக் காய வைக்கும் மின்பெட்டி.

"கழுவினியாடா?"

"போன வருஷம் கழுவினேன்."

மே 25, சனி

வாட்டியாயிற்று. என் அண்ணன்மேல் மிளகு வாசனை அடிக்கிறது.

ஜூன் 1, சனி

டேல் வீட்டில் எல்லாம் தயார் செய்து வைத்துவிட்டுக் கூப்பிட்டான். சுருள் சுழன்றது.

ஐயோ, என்ன வேகம்! எங்கள் குழுவில் கிட்டாரோடு பாடும் கானி முதல் பாட்டில் கத்திய கத்தலில் டேலின் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது. டேல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஒரு பாட்டு முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்தது. அது முடிந்ததும் அடுத்தது. நடுவில் யாருமே பேசவில்லை.

கடைசிவரை காத்திருந்தேன். நாடா முடிந்து வால் பட் பட் என்று அடித்தது. டேல் "எப்படி?" என்றான். நன்றாக இருந்தது என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 3, திங்கள்

ஃபிரான்சினைத் தேடிப் பிடித்தேன். அன்றைக்கு நிலையத்தில் ஒலிப்பொறியாளர், இப்போது ஃப்ளோரிடாவில். எண்பதை நெருங்குகிறார், அதட்டல் குறையவில்லை.

"மறுஒலிபரப்புக்கு நேரம் பத்தலேன்னு பேச்சையெல்லாம் பிளேடால வெட்டினது நான்தான், கண்ணு. உங்க அண்ணன் வாய் ஓயாதே."

"வெட்டினத என்ன பண்ணீங்க?"

"என்ன கேள்வி இது? நான் எதையாவது தூக்கிப் போட்டிருக்கேனா? எல்லாத் துண்டையும் வரிசையா ஒட்டி, கடைசிப் பாட்டுக்கு அப்புறம் சேர்த்து வச்சிருப்பேன். எல்லா ரீல்லயும் அப்படித்தான்."

கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றேன்.

"இருக்கணுமே! ஓடி முடிஞ்ச ரீலை நாங்க திருப்பிச் சுத்த மாட்டோம். கடைசிப் பகுதி மேல்பக்கம் இருக்கும். மேல்சுத்தெல்லாம் உங்க அண்ணன்தான்."

போனை வைத்துவிட்டு டேலை அழைத்தேன். ரீலில் மேல்சுற்று எங்கே என்றேன்.

"அந்தக் குப்பையா? நூறு ஒட்டு. வாட்டினதுல கோந்து காஞ்சுபோய், தொட்டா தொட்ட இடத்துல கழண்டுச்சு. ஆரம்பம்தானே, வெறும் இரைச்சலா இருக்கும்னு வெட்டிட்டேன்."

"வெட்டி?"

தொண்டையைக் கனைத்தான்.

"டேல், வெட்டி?"

"ஸ்ட்ராபெரிக்கு..."

என்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை. கானி பாட்டில்கூட அந்த வார்த்தைகள் கிடையாது.

ஜூன் 4, செவ்வாய்

விடிந்ததும் போனேன். பாத்தி முழுக்கக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி நாடா கட்டியிருக்கிறான். வெயிலில் மின்னுகிறது. ராபின் குருவிகள் பழத்தைக் கொத்தாமல் இருக்கவாம். ஒரு குருவி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

பத்து நாள் வெயில், ஒரு மழை. என் அண்ணனைக் குருவி விரட்டக் கட்டி வைத்திருக்கிறான் பாவி.

டேல் மண்டியிட்டு ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் பிரித்தான். நானும் உட்கார்ந்தேன், முட்டி வலியோடு. மதியம் பசித்தபோது பாத்தியிலிருந்தே பறித்துத் தின்றோம். வேலியோரம் கட்டியிருந்த இரண்டு துண்டைக் காணோம், காற்றில் போயிருக்கிறது. அதில் என்ன சொல்லியிருந்தானோ!

"ரீட்டா, எனக்குத் தெரியாது. சத்தியமா."

தெரியும்டா என்று சொல்லியிருக்கலாம். கோபம் போகவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துண்டுகளை மெல்லிய துணியால் துடைக்கிறோம், முறுக்கு எடுக்கிறோம், ஒட்டுகிறோம். சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. டேல் மூக்குக்கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறான். இத்தனை பொறுமை அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

ஜூன் 15, சனி

கேட்டோம்.

முதலில் கரகரப்பு. ஒரு துண்டு தலைகீழாக ஒட்டியிருக்கிறோம், பூதம் பேசுவதுபோல் இருந்தது. பிறகு ஒரு இருமல். இருமலிலேயே தெரிந்துவிட்டது எனக்கு. டேலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன்தான். நான் நினைத்துக்கொண்டிருந்த குரல் இல்லை. இன்னும் மெலிசு, இன்னும் அவசரம். இருபத்துநாலு வயதுப் பையன். எனக்கு இப்போது அவனைவிட எத்தனை வயது அதிகம்! கானியின் அறுந்த கிட்டார் கம்பியைப் பற்றிச் சொல்கிறான். பாரில் பன்றிக் குடலுறை தீர்ந்துவிட்டது என்கிறான். குடலுறை — அப்பா சாஸேஜைக் கிண்டலாக அப்படித்தான் சொல்வார். மறந்தே போயிருந்தேன்.

பிறகு இது: "நேயர்களே, ஹால் வாசல்ல ஒரு பச்சை டாட்ஜ் நிக்குது. முன்விளக்கு ரெண்டும் எரியுது. யாருதுன்னு தெரியல. வண்டிக்காரரே, கேட்டுக்கிட்டிருந்தா ஓடிவந்து அணைச்சிடுங்க. பேட்டரி போயிரும்."

நாடாவை நிறுத்தினேன். டேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"வெளக்கா?" என்றான்.

"வெளக்குதான். யார்டா ஓட்டிட்டு வந்தது?"

"இரு, இரு. நான் மேடையில உக்காந்து அடிச்சிட்டிருக்கேன். ஹால்ல இருக்கறவனுக்கு ரேடியோவுல சொல்லியிருக்கான் பாரு, உங்க அண்ணன்! உள்ள வந்து ஒரு குரல் குடுத்திருந்தா..."

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். நாற்பது வருடம் கழித்து எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறான், அதுவும் குருவி எச்சத்தைத் துடைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நிறைய அழுதேன். டேல் எழுந்து போய்க் காப்பி போட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

டேல் போன் செய்தான். பேச்சையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்பச் சேர்க்க வேண்டுமாம். "பாட்டு கேக்கறவன் பேச்சையும் கேக்கட்டும், பிடிக்காதவன் போகட்டும்." அவன் வாயிலிருந்தா இது!

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிலையம் ஒப்புக்கொண்டது. அக்டோபரில் முழுதாக ஒலிபரப்புகிறார்கள்.

டேல் வண்டியில் முட்டி டாக்டரிடம் போனேன். இறங்கும்போது வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். இறங்கியபின் முன்பக்கம் போய் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தான்.

அக்டோபர் 5, சனி

என் சமையலறையில் ரேடியோ. டேல் வேண்டுமென்றே பழைய கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கணினியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்றேன். "ரேடியோன்னா கேசட்லதான் புடிக்கணும்" என்றான். ஃபிரான்சின் ஃப்ளோரிடாவிலிருந்து கணினியில் கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

முதல் பாட்டு முடிந்தது. கைத்தட்டல். அண்ணன் இருமினான்.

டேலின் விரல் தானாகப் பாஸ் பட்டனுக்குப் போனது. ஓங்கி ஒரு அடி போட்டேன்.

"அம்மாடி! பழக்கம்டி!"

மீதி ஒலிபரப்பு முடியும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.