புளி போட்டுத் தேய்த்த விக்டோரியா

பரணிலிருந்து உங்கள் டிரங்குப் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது, அப்பா. பாச்சை உருண்டையும் வழவழப்பான பழைய தாளும் எலிப் புழுக்கையும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நம் வீடு முழுக்க இருந்தது அது. இந்த மந்தைவெளி வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பெட்டியை நான் தொட்டிருக்கவே மாட்டேன். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலே, வருஷவாரியாக காலிகோ அட்டை போட்டு நீங்கள் பைண்டு செய்து வைத்த இங்கிலீஷ் நாணயப் பத்திரிகைகள். அடியில், பச்சை வெல்வெட் ஒட்டிய மரத்தட்டுகளில் உங்கள் பென்னிகள், பழைய இங்கிலாந்துச் செப்புக் காசுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கொண்டை போட்ட விக்டோரியா. மறுபக்கம் சூலமும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. அவளைப் பார்த்து அம்மா ஒருமுறை, மாரியம்மன் மாதிரியே இருக்கிறாள் என்றாள். அதற்கு நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த மனிதர் நீங்கள். பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போக வருகிறவர்களின் சாக்கிலிருந்துதான் உங்கள் முதல் பென்னி விழுந்தது. யாருடைய தாத்தாவோ கப்பலில் வேலை பார்த்துக் கொண்டுவந்தது. அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் லஸ் பக்கம் நடைபாதைக் கடையில் அந்தப் பத்திரிகைகள் உங்கள் கண்ணில் பட்டுவிட்டன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தீர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த உழைப்பின் பலனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில்தான் எனக்கு வெறுப்பு. படிக்கப் படிக்க நீங்கள் உயர்ந்துகொண்டே போனதாக உங்களுக்குத் தோன்றியது. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா கீழே கீழே போய்க்கொண்டிருந்தாள். அவள் எதைச் சொன்னாலும் உங்களிடம் ஒரே பதில்தான்: “உனக்குத் தேய்க்கத்தான் தெரியும்.” பாத்திரம் விற்றுப் பிழைத்த மனிதரின் வாயிலிருந்து வந்த பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வீர்கள். காசைக் கழுவாதே, துடைக்காதே, மெருகேற்றாதே, மதிப்பு போய்விடும் என்று ஒவ்வொரு இதழிலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, சமையலறைக்குக் கேட்கும்படி தமிழில் சொல்வீர்கள். வேதவாக்கு என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உங்களைப் போலவே நானும் அம்மாவை மட்டமாக நினைக்கப் பழகியிருந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒருமுறை கூடுகிற நாணயக் கூட்டத்தில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு போவீர்கள். ரிட்டையர்டு அதிகாரிகள், டாக்டர்கள், ஒரு வக்கீல். அவர்கள் உங்களை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நீங்கள் இல்லாதபோது உங்கள் பெயர் ‘பாத்திரக்கடை’. ஒருநாள் உங்கள் குடையை எடுக்கத் திரும்பப் போனபோது என் காதில் விழுந்தது. உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் அவர்களிடம் பல்லைக் காட்டினீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முகத்தைக் காட்டினீர்கள்.

அந்தக் கூட்டம் ஒரு கண்காட்சி வைத்தது. உங்கள் பென்னிகளுக்கும் ஒரு மேஜை கொடுத்தார்கள். ஒரு வாரமாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. பெருமையில் அப்படி இருக்கிறீர்கள் என்று நாங்கள் நினைத்தோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். பத்திரிகை என்ன சொன்னாலும், பெரிய மனிதர்கள் நாலு பேர் பார்க்கப் போகிற இடத்துக்கு மங்கிப்போன காசை எடுத்துப் போவதா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்கள் கடைக்குப் போன பகலில் தட்டுகளை இறக்கி, புளியும் கல் உப்பும் போட்டு, அத்தனை பென்னியையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து, கழுவி, துண்டில் ஒற்றி, பழைய இடத்திலேயே வைத்தாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். வருஷத்தைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். நான் கல்லூரி விட்டு வந்தபோது அவள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது. என்னம்மா இது என்று கேட்டதற்கு, அப்பா பார்த்தால் அசந்துபோவார் என்றாள்.

மறுநாள், கண்காட்சி அன்று காலையில் நீங்கள் தட்டைத் திறந்தீர்கள். இளஞ்சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன. நீங்கள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டீர்கள். பாவம், உடைந்துபோய்விட்டார் என்று நினைத்து உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். நீங்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். வாசலில் நின்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹாலில் கூட்டத்தைச் சேர்ந்த அடையாறு டாக்டர் ஒருவர்தான் முதலில் குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். எல்லாம் மெருகு போட்டிருக்கிறதே என்றார். நீங்கள் காத்திருந்த மாதிரி சொன்னீர்கள்: “எங்க வீட்டு மேதை ஒண்ணு இருக்கு சார். புளி போட்டுத் தேச்சு வச்சுட்டா.”

டாக்டர் சிரித்தபடி, “அந்தப் புளியை வீணாக்காம வெச்சுண்டு உங்க ஆத்துல ரசம் பண்ணினாளா?” என்று கேட்டார். ஹாலே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நீங்கள். அந்த ஒருநாள் வாசல் நாற்காலியிலிருந்து எழுந்து நடு மேஜைக்கு வந்துவிட்டீர்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புளிக் கதையைச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் அதில் அம்மா இன்னும் கொஞ்சம் முட்டாளானாள். நானும் சிரித்தேன். அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது என்னுடையது.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அம்மாவோடு நீங்கள் பேசவில்லை. இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பவளைக் காட்டி, உங்க அம்மாகிட்ட சொல்லு என்று என்னிடம் சொல்வீர்கள். அம்மா அதே நேரத்துக்குக் காபி வைத்தாள், அதே நேரத்துக்குச் சோறு போட்டாள். நான் உங்கள் பக்கம்தான் இருந்தேன். அத்தனை வருஷச் சேகரிப்பு பாழாய்ப் போனதே என்று எனக்கும் ஆற்றாமை. பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, யாரைப் பார்த்தும் இல்லாமல், “உப்பு கம்மி” என்றீர்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மனைவியிடம் பேச உங்களுக்குக் கிடைத்த வார்த்தை அது. அம்மாவின் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் பழைய கதை. போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மஸ்தான் பாய் வந்திருந்தார். மீர்சாகிப்பேட்டையில் பாலிஷ் பட்டறை வைத்திருந்தாரே, நம் கடைப் பாத்திரங்களுக்கெல்லாம் மெருகு போட்டவர். இத்தனை நாள் ஆம்பூரில் மகள் வீட்டில் இருந்தாராம். நீங்கள் போன செய்தி தாமதமாகத்தான் தெரிந்ததாம். முழங்கால் வலியோடு மாடியேறி வந்து உட்கார்ந்தார். அம்மா டீ போடப் போனாள். ஹால் நடுவில் உங்கள் தட்டுகள் பரப்பியிருந்தன. பாய் ஒரு பென்னியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னும் இருக்குதா இந்தக் காசு? நான்தாம்மா மிஷின்ல போட்டுக் குட்தேன் இத்த.”

இல்லை பாய், அது அம்மா புளி போட்டுத் தேய்த்தது என்றேன்.

“அது பின்னாடிம்மா, கடையில பேசிக்கினாங்க. அதுக்கு ரெண்டு வருசம் மின்னாடியே மொதலாளி ஒரு பை நெறைய எடுத்தாந்தாரு. கண்ணாடி மாதிரி இருக்கணும் பாய்னாரு. ராணி மூஞ்சி தேஞ்சிடும்னேன். பரவால்ல போடுன்னாரு. அப்பால ஒருநாள் ஓடியாந்து, எவன்கிட்டயும் சொல்லிடாதன்னு கையப் புடிச்சிக்கினாரு. இன்னாத்துக்குன்னு இன்னிக்கி வரிக்கும் எனக்குத் தெரியாது. இப்ப சொன்னா இன்னா, அவர்தான் பூட்டாரே.”

எனக்குத் தெரிந்தது, அப்பா. சாக்கிலிருந்து எடுத்த காசைப் பாத்திரக்காரர் செய்கிறபடி நீங்கள் மெருகுக்குப் போட்டீர்கள். பத்திரிகையில் அந்த வரி அதன் பிறகுதான் உங்கள் கண்ணில் பட்டது. உங்கள் சேகரிப்பை உங்கள் கையாலேயே கொன்றுவிட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அந்த மயிலாப்பூர் மேஜையில் எவனாவது கண்டுபிடித்துவிடுவானே என்றுதான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அம்மா புளியைக் கரைத்தாள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் விட்டீர்களே, அது துக்கப் பெருமூச்சு இல்லை. தப்பித்தவன் விட்ட மூச்சு. அதற்கு நான் தண்ணீர் வேறு கொடுத்தேன்.

தவறு செய்ததற்கு உங்களை வெறுக்கவில்லை. தெரியாமல் செய்கிறவர்கள்தானே எல்லாரும். அதை அவள் தலையில் கட்டியதைக்கூட ஒரு நிமிஷக் கோழைத்தனம் என்று விட்டிருப்பேன். ஆனால் ஹாலில் சொன்ன பொய்யை வீட்டுக்குள்ளேயும் ஒன்றரை வருஷம் நடித்தீர்கள். வேறு யாருமே பார்க்காத வீட்டுக்குள். பார்க்க நான் ஒருத்தி இருந்தேன் என்பதற்காக. இவ்வளவு சின்ன மனிதரின் காலடியில் உட்கார்ந்தா நான் படித்தேன் என்று நினைத்தால் கூசுகிறது.

பாய் போன பிறகு அம்மாவிடம் போனேன். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். கையை நிறுத்தாமல், தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“தேய்க்கும்போதே தெரியும்ட்டி. மிஷின்ல ஏறுன செம்பு கையில பட்டா எனக்குத் தெரியாதா? எங்கப்பா வீட்டுல மூணு பாத்திரப் பட்டறை. ராணி கொண்டையெல்லாம் மொழுக்குன்னு கெடந்துச்சு.”

அப்படியானால் ஏன் சொல்லவில்லை, ஊரே சிரித்ததே, ஒன்றரை வருஷம் உன்னைக் கட்டையாக நடத்தினாரே என்று கேட்டேன். அவள் ஒரு தூக்குச்சட்டியின் மூடியைப் பொருத்திப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“சொல்லியிருந்தா அவுக திரும்பப் பேச ஆரம்பிச்சிருப்பாகல்லா. அந்த ஒண்ணரை வருசம் மாதிரி எனக்கு ஒரு காலம் வாய்ச்சதே இல்லட்டி. காலையில எந்திரிச்சா மக்குன்னு சொல்ல ஆளில்ல. உப்பு கம்மின்னு அவுக வாயத் தெறந்த அன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.”

நீங்கள் தண்டனை என்று நினைத்து அவளுக்குக் கொடுத்தீர்களே, அது ஒன்றுதான் நீங்கள் அவளுக்குச் செய்த உபகாரம். அது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பேசியிருப்பீர்கள்.

பென்னிகளை நேற்று கோயில் குளத்தோரம் பழைய காசு விற்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்சம் மினுக்கினால் சீக்கிரம் விலைபோய்விடும் என்றார். தாராளமாக மினுக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்திரிகைகளைக் கொடுக்கவில்லை. புது வாடகை வீட்டில் அவற்றுக்கு இடமில்லை; இருந்தும் கொண்டுபோகிறேன். காரணம் பாசம் இல்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் நான் ஆவணப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். சேர்ந்த முதல் கூட்டத்தில் பேச்சுக்குப் பேச்சு ஆவணக் காப்பகத்தை ‘ஆர்ச்சிவ்’ என்றேன். பக்கத்தில் இருந்த பெண், “ஆர்க்கைவ், மேம்” என்று மெதுவாகச் சொன்னாள். எதிரில் இருந்த இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். அந்த வார்த்தையை நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். உங்களுக்கு அதைச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. கண்ணால் மட்டுமே இங்கிலீஷ் படித்த மனிதர்; அந்த ஹாலில் நீங்கள் வாய் திறந்தபோதெல்லாம் அவர்களும் இப்படித்தான் குனிந்திருப்பார்கள். எனக்குச் சம்பளம் தருகிற இங்கிலீஷ் முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. அதை மறுக்க முடியாமல் இருப்பதுதான் எனக்கு உங்கள் மேல் இருக்கிற பெரிய எரிச்சல்.

சரியான உச்சரிப்பை எப்போதோ கற்றுக்கொண்டேன். ஆனாலும் கோபத்தில் பேசும்போது உங்களுடையதுதான் முந்திக்கொண்டு வருகிறது. முந்தாநாள்கூட ஒரு கூட்டத்தில் ‘ஆர்ச்சிவ்’ என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைவி, அதனால் யாரும் திருத்தவில்லை. நானும் திருத்திக்கொள்ளவில்லை.