வலித்தால் போகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. மாமாவின் இருமல் குறைந்ததா? பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததா? நலம் விசாரிப்பு இவ்வளவுதான், நான் கோபத்தில் இருக்கிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டுக் குக்கர் நாள் பூராவும் அப்படி என்னதான் வேகவைக்கிறதோ! அதனால்தான் கடிதம்.

போன மாதம் நான் வந்திருந்தபோது துணி மடித்துக்கொண்டே சொன்னாய்: "மார்ல சின்னதா ஒரு கட்டி மாதிரி இருக்குடி. வலியே இல்ல. வலிச்சா போறேன்." சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாய். வலிக்காத கட்டியைத்தான் அக்கா முதலில் காட்ட வேண்டும்.

நான் இத்தனை நாளாக ஆராய்வதும் இதைத்தான். ஒரே ஊர், ஒரே மார்புப் புற்றுநோய். பங்களாத் தெருப் பெண்கள் ஆரம்பத்திலேயே டாக்டரைப் பார்த்துவிடுகிறார்கள், தொழிற்சாலைப் பக்கத்துப் பெண்கள் முற்றிய பிறகு வருகிறார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. சுகாதார நிலையம் காலையில் திறந்து மதியம் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் நிற்கிறார்கள். சாயங்காலமும் திறக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். கூட்டத்தில் சுகாதாரத் துறை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்: "சாயங்காலம் யாருங்க மேடம் உக்காருவாங்க? விழிப்புணர்வு இல்லன்னு போடுங்க, போஸ்டர் அடிச்சிடலாம்." 'உடனே வந்து காட்டிக்கொள்ளுங்கள்' என்று அடித்தும் விட்டார்கள். நீ வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலை வாசலிலும் ஒட்டப்போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ ஏன் போகவில்லை என்பதும் தெரியும். ஓர் ஆள் குறைந்தால் பாக்கெட்டைக் கொண்டுவரும் பெல்ட் மெதுவாக ஓடாது, பக்கத்தில் நிற்பவள்தான் இரண்டு பேர் பாக்கெட்டையும் அடுக்க வேண்டும். உன் பக்கத்தில் நிற்பவளோ மாசமாக இருக்கிறாள். ஆனாலும் போ அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
தங்கை

* * *

அன்புத் தங்கச்சிக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

பெரியவள் பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள், நம்பித்தான் ஆக வேண்டும். உன் மாமா இருமிக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அந்த மாசமானவள் பிடுங்கிப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பெல்ட் வரிசை முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஆளாளுக்கு என்னைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் அவள்தான் கேட்டாள்: "ஒருத்தி போனாத்தானேக்கா மத்தவங்களுக்குச் சுமை? எல்லாருமா போயிட்டா?"

செவ்வாய்க்கிழமை எங்கள் வரிசையே வேலைக்குப் போகவில்லை. நேரே சுகாதார நிலையத்துக்குப் போனோம். பெல்ட் நின்றுவிட்டதாம். சூப்பர்வைசர் போனில் குதித்தார். நம்ம வாசலில் போஸ்டர் ஒட்டியிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் சார் வந்தோம் என்றேன். மனுஷன் போனை வைத்துவிட்டார். இனி எங்களை என்ன செய்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு வந்தீங்களா, காட்டிக்க வந்தீங்களா என்று நர்ஸ் கேட்டாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்து அனுப்பினார்கள். என்னை மட்டும் உட்காரச் சொன்னார் டாக்டரம்மா. மற்றவர்கள் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை தெரியுமாம். அங்கே இருந்த டாக்டரம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வா. உன் மாமாவுக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே தலை சுற்றும், அவரை நான் தாங்கிப்பிடிக்க முடியாது. வரும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். என் மாதிரி வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்குச் சொல்லாதே. நானே வாய்விட்டுக் கேட்டாலும், கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள், போதும்.

ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களை, காட்டிக்கொண்டீர்களா என்று கேட்டாய். நீ காட்டிக்கொண்டாயா? நாளைக்கே போடி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா