அப்பா வைத்த அரக்கு இழை

ஆரணி
ஞாயிறு காலை

அன்புள்ள ஹேமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலத்தை முழு நலம் என்று உனக்கு எழுத எனக்கு வரவில்லை. நீ அங்கே மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

போன மாதம் போனில் சொன்னாய், சாமி கும்புட உக்காந்தா ஒரு வார்த்தையும் வரமாட்டேங்குதும்மா, பேஜாரா இருக்குது என்று. எனக்கும் சொந்தமாக ஒரு வார்த்தை வந்ததில்லை, ஹேமா. உன் அப்பாவின் பதிகப் புத்தகத்தில் இருப்பதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளுக்கு ஒரு பதிகம். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு நீ வாசிப்பாய், அவர் தறியில் இருந்தபடி கேட்பார். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இரண்டு பாட்டைத் தாண்டிவிட்டாய். தெருமுனைக்குப் போனவளை, ரெண்டு பாட்டு உட்டுட்டியேம்மா, வந்து படிச்சிட்டுப் போ என்று கூப்பிட்டார். அழுதுகொண்டே வாசித்தாய். பஸ் போய்விட்டது. அவரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அதை வெகுநாள் சொல்லிச் சிரித்தார்.

சித்திரையில் அவருக்கு வாயும் வலது கையும் இழுத்துக்கொண்டபோது, தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்னார் வேலூர் டாக்டர். குழம்பு என்று சொல்ல வராது, பதிகம் வரும். முடித்த இடத்தில் அடையாளத்துக்கு அரக்கு நிறப் பட்டிழை ஒன்றை வைப்பார். முந்தின வெள்ளிக்கிழமை சாமி மாடத்தைத் துடைக்கும்போது புத்தகத்தையும் தட்டினேன். இழை விழுந்தது. தறி வீட்டில் தரையில் இழை கிடந்தால் கை தானாக எடுத்துக் கழிவுப் பையில் போட்டுவிடும். போட்டுவிட்டேன்.

ஒன்பது நாளாக அவர் வாசிக்கவில்லை. எங்கே விட்டார் என்று அவருக்கும் நினைவில்லை. எங்கிருந்தாவது படியுங்களேன் என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். நாக்கு மறுபடி தடிக்கிறது. நேற்று தண்ணீர் கேட்டிருக்கிறார், எனக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று காலை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிறைய நேரம் எடுத்துச் சொன்னார். ஹேமா படிக்கட்டும். அதுக்கு அடுத்தது நானு.

பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பவா என்றேன். கூடாதாம், நீயும் மடியில் வைத்துத்தான் படிக்க வேண்டுமாம். அதே புத்தகத்தில் இன்னொன்று கோயில் கடையில் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் மருமகன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் இதையும் மிளகாய்த்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திற. வார்த்தை வராவிட்டால் போகிறது, இருப்பதை வாசி. டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு பதிகம், உன் குரலில், வாட்ஸ்அப்பில். அன்றே அவர் அடுத்த பதிகம். மறுநாள் அதற்கடுத்தது நீ. ஒரு பாட்டையும் தாண்டாதே, அவருக்குத் தெரிந்துவிடும்.

உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். உன் மனசு லேசாகட்டும்.

புத்தகத்துக்குள் அரக்கு இழை ஒன்று இருக்கும். இடது கையால் அவரே முறுக்கியது, கொஞ்சம் கோணல். தூசி என்று எறிந்துவிடாதே.

உன் அம்மா,
கன்னியம்மாள்