கால் ஊன்றாமல் ஓர் எட்டு

மருதனார்மடம்,
புரட்டாதி 3.

அன்பு மகள் கோபிகாவுக்கு அப்பா எழுதுவது.

போன வருடம் நீ அம்மாவுக்குச் சுவெற்றர் அனுப்பிய பெட்டியின் மூலையில் இருந்த விலாசத்தைப் பார்த்து இதை எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்டு பயப்படாதே. ஒருவருடைய உயிருக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்துக்கு ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன்.

எனக்கு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் கிடைத்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில். விண்ணப்பப் படிவம் வாங்கிய நாளிலிருந்து ஏழு மாதமும் ஒன்பது நாளும் எடுத்தது. எதற்காக எடுத்தேன் என்று சொல்வதானால், அம்மா உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

பொங்கலுக்கு அடுத்த கிழமை அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. மெல்லியதுதான் என்றார்கள். பேச்சு இரண்டு நாளில் சரிவந்தது. கால் பாதி சரி. இடது கைக்கு இன்னும் பிடி இல்லை. போனை அலுமாரியில் சாய்த்துவைத்து, கழுத்துக்கு மேலே மட்டும் உனக்குக் காட்டுவது அதனால்தான். தான் புட்டு அவித்ததாக உனக்குச் சொன்ன நாட்களில் அவித்தது நான். நீ கதைக்கும்போது நான் அறையை விட்டு எழும்பிப் போவது உனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நின்று கேட்பது தெரியாது.

இருபது வருடம் அம்மா ஸ்கூட்டி ஓட, நான் பின்னால் இருந்து படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போனவன். எனக்கு ஓடும் வயது வந்தபோது சண்டைக்காலம், இங்கே பெற்றோல் இல்லை. பெற்றோல் வந்தபோது வெட்கம் வந்துவிட்டது. வகுப்பில் பெடியள் எனக்கு வைத்த பட்டப்பெயரும் தெரியும், வைத்தவர்களின் பெயர்களும் தெரியும். இன்றைக்கும் மறக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன், நான் வகுப்பில் நின்ற நேரத்தில், நான் மறுத்த கலியாணத்துக்காக அம்மா உன்னைக் கொழும்பு பஸ்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதே ஸ்கூட்டியில்தான். அதையும் மறக்கவில்லை. மறுநாள் அதே சீற்றில் ஏறித்தான் வேலைக்குப் போனேன். வழிநெடுக, முன்னால் அம்மாவின் முதுகு குலுங்கியது.

கிழமைக்கு இரண்டு நாள் கைப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். அம்மாவால் பஸ்ஸில் ஏற முடியாது. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் சந்தியோகு யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ கட்டியவனின் தாய்மாமன், அதே சேர்ச்சுக்குப் போகிறவர். முதல் செவ்வாய்க்கிழமையே, ஒருவரும் கூப்பிடாமல், வீட்டுப் படலையில் வந்து நின்றார். அம்மா ஏறிவிட்டாள். நான் ஏறவில்லை. சந்திக்கு நடந்து போய், பஸ் பிடித்து, அவர்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். இப்படியே செவ்வாயும் வெள்ளியும். அம்மா ஓட்டோவில், நான் பஸ்ஸில். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

அந்த வேதக்காரரிடம் கடமைப்படக்கூடாது என்றுதான் லைசன்ஸ் எடுக்கப் புறப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வேறு நல்லெண்ணம் எதுவும் அப்போது இல்லை. மருத்துவச் சான்றிதழுக்கு இரண்டு நாள் வரிசை. எழுத்துப் பரீட்சைக்கு ஒரு மாதம் கழித்துத் திகதி. நாற்பது கேள்வியில் முப்பத்தெட்டு சரி. பிழை என்று சொன்ன இரண்டில் ஒன்று கேள்வியே பிழை, அதை எழுதிக் கொடுத்தும் ஒருவரும் வாங்கவில்லை. பிறகு மூன்று மாதம் எல் போர்ட் மாட்டிப் பழக வேண்டும். அதன் பிறகுதான் ஓடிக் காட்டும் ட்ரயல்.

நிலத்தில் எட்டு வரைந்திருப்பார்கள். கால் ஊன்றாமல் அதைச் சுற்றி வரவேண்டும். முதல் ட்ரயலில் முதல் வளைவிலேயே என் இடது கால் தன்பாட்டில் நிலத்தில் ஊன்றியது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பார்க்க வந்த அம்மாவோடு ஓட்டோவில் இருந்த சந்தியோகு இறங்கி வந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக என்னோடு கதைத்தார்.

“மாஸ்டர், நீங்கள் இன்னும் பின்னுக்குத்தான் இருக்கிறியள்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. அம்மா வேகம் குறைக்கும் ஒவ்வொரு இடத்திலும், அவளுக்குப் பாரம் கொடுக்கக்கூடாது என்று இடது காலை ஊன்றி ஊன்றிப் பழகியவன் நான். இருபது வருடப் பழக்கம் அது.

அடுத்த பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் அம்மா பின்னால் ஏறினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வலது கையால் என் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் முழங்காலால் என் காலை இடித்து, “கால் வைக்காதேங்கோ, நான் இருக்கிறன்” என்றாள். மூன்று கிழமை, ஒவ்வொரு பின்னேரமும். ஒரு நாள் திரும்பும் வழியில், அன்றைக்கு உன்னை ஏற்றிப் போனதற்குத் தன்னில் இன்னும் கோபமோ என்று கேட்டாள். நான் ஓடுவதிலேயே கவனமாக இருப்பதுபோல இருந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது முறை எட்டு முழுதாக வந்தது. அம்மா ஓட்டோவுக்குள் இருந்து, ஒவ்வொரு வளைவுக்கும் தன் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாளாம். சந்தியோகு சொன்னார்.

பிள்ளை, அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கிற தனுசியா என்ற பெண், இந்த வருடத்துக்குள் கைக்குப் பிடி வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம் என்கிறாள். அம்மா வீட்டில் பயிற்சி செய்ய மறுக்கிறாள். யாருக்குச் சமைக்க இந்தக் கை என்று கேட்கிறாள். நான் சமாதானம் சொல்லிப் பழகாதவன். நீ வந்து நின்றால் செய்வாள்.

மார்கழி லீவில் வாருங்கள். ரயிலில் வந்தால் விடிய யாழ்ப்பாணத்தில் நான் நிற்பேன். ஸ்கூட்டியில் பின்னால் ஒருவருக்குத்தான் இடம். நீ ஏறு. றெஜினோல்டுக்கும் பெட்டிகளுக்கும் சந்தியோகுவின் ஓட்டோவைச் சொல்லிவைத்திருக்கிறேன். நானே போய்ச் சொன்னேன்.

இப்படி எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
பொ. வாகீசன்