பக்கம் ஏழு: குரல் கம்மல்

அன்புள்ள கால்புள்ளிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் சுகம் என்று எழுதுவதே இத்தனை வருட வழக்கம், இந்த முறை ஒருவர் சுகம். மற்றவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டு முன்னறையில் கூடிய கூட்டத்தில், வந்திருந்த இரண்டு உறுப்பினர்களின் முழு ஆதரவோடு, வீட்டுக்கு ஒரு கைமணி வாங்குவதென்று தீர்மானிக்கப்பட்டது என்பதை உனக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். மணிக்குப் பதில் விசில் என்று உன் அம்மா ஒரு திருத்தம் கொண்டுவந்தாள், விவாதத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. ஏன் கைவிடப்பட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். இந்த மாதம் பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியாக மூச்சு விடச் செய்வார்கள், காயம் ஆறியதும் ஆறு வாரம் கதிர்வீச்சு. உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், அவர் அதிகம் பேசாத மனிதர், அதனால் நம்புகிறேன். குரல் போய்விடும். பிற்பாடு ஒரு சின்ன வால்வு பொருத்திப் பேசப் பழக்குவார்களாம், பலர் நன்றாகவே பேசுகிறார்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள், ஆனால் அது வேறு குரலாக இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவளிடம்தான் அம்மா விசிலைப் பற்றிக் கேட்டாள். மூச்சு வாய்க்கு வராதும்மா, சூடான டீயைக்கூட ஊதிக் குடிக்க முடியாது என்றாள் அந்தப் பெண். இப்படியாக மணி வென்றது.

இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று கேட்பாய். கண்ணில் பட்டது, அதுதான் விஷயம். நான் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ப்ரூஃப் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும். அம்மா மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பாள், நான் அச்சுத்தாளில் பிழை பார்ப்பேன், முப்பத்தாறு வருடமாக அப்படித்தான். புள்ளிகளையும் சேர்த்துப் படிப்பது எங்கள் தொழில் விதி, அதனால்தான் எல்லாக் குழந்தைகளும் அம்மா என்று வாய் திறக்கும் வயதில் நீ கால்புள்ளி என்று திறந்தாய், பெயரும் ஒட்டிக்கொண்டது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு பொதுநலச் சங்கத்தார் புற்றுநோய் பற்றிப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள், அது எங்களிடம் வந்தது. நல்ல புத்தகம். மார்பகம், கருப்பைவாய், வாய், குடல், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் யாருக்கு வரும், எப்படித் தெரியும், என்ன செய்யலாம் என்று இரண்டிரண்டு பக்கம், தொண்டையும் குரல்வளையும் வாய்க்குரிய பக்கங்களிலேயே அடக்கம். மார்பில் வலியில்லாத கட்டி என்பதை மார்பில் வலியில்லாத கட்டில் என்று அடித்திருந்தார்கள், நான் பிடித்தேன், அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கதிர்வீச்சு மட்டுமே போதும், குரலும் மிஞ்சும். அம்மா படித்தாள். கம்மல் என்று போட்டால் பெண்கள் காதைத் தடவிப் பார்ப்பார்கள், கரகரப்பு என்று மாற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். அம்மா சிரித்தாள். சத்தம் வரவில்லை. என் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், கடைசியில் கம்மலே இருக்கட்டும் என்று விட்டோம், எழுதியவரின் சொல்லை மாற்றப் பிழை திருத்துகிறவனுக்கு உரிமை இல்லை. பிறகு அந்த வரியை அவளை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாப் படியேன், ஒண்ணுமே கேக்கலை என்றேன். அவளும் முடிந்தமட்டும் சத்தமாகப் படித்தாள். ப்ரூஃபை நாலு முறை பார்த்திருக்கிறேன், கால்புள்ளி.

அதற்குப் பிறகு நடந்ததில் நீயும் கொஞ்சம் இருக்கிறாய், ஆனால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. லைன் சரியில்லை, அம்மா பேசுவது அடைக்கிறது என்று நீ சொல்லிச் சொல்லி நாங்கள் போனை மாற்றினோம். தூசி என்று அம்மா ஜன்னல் திரையை மாற்றினாள். எனக்கு நாளுக்கு நாள் செவிடு கூடிக்கொண்டே போனது, மேசையை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தினேன், பிறகு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தினோம், கடைசியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்தோம், இந்த வயதில் என்ன ஒட்டுதல் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் கேலி செய்தார். போன மாதம் அம்மாதான் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கேட்காது என்பதால் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். என்னை ஒரு கண்ணாடி அறையில் வைத்துப் பரிசோதித்துவிட்டு, உங்க காது நல்லா இருக்கு சார் என்றார் டாக்டர். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அம்மா, உங்களுக்குக் குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு என்று கேட்டார். அவர் காதுக்கும் மூக்குக்கும் தொண்டைக்கும் சேர்த்த டாக்டர் என்பது பலகையில் எழுதியிருந்தது, அதில் பிழை இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்திருந்தேன்.

யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டார். அவள் பிடித்ததில்லை, நான் இருபத்திரண்டு வருடம் அதே மேசையில் உட்கார்ந்து பிடித்தேன், அவள் அதே மேசையில் உட்கார்ந்து படித்தாள், நிறுத்திப் பதினாலு வருடம் ஆகிறது. அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். இது டாக்டரின் வாக்கியம். நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன், திருத்துவதற்கு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அம்மா, அந்தப் புகை இல்லேன்னா நீங்க ஒரு பக்கம்கூடப் பாத்திருக்க மாட்டீங்க, விடுங்க என்றாள். மன்னிக்கிறாளா குத்திக்காட்டுகிறாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

மாப்பிள்ளை பால்கனியில் மட்டும்தான் பிடிக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தாய். பால்கனி வீட்டுக்கு வெளியே இருப்பதாகக் கட்டடம் கட்டுகிறவர்கள் சொல்வார்கள், புகைக்கு அது தெரியாது. என் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொல். உனக்கு முப்பத்தைந்து ஆகிறது, கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டாயா, மார்பில் ஏதாவது தென்பட்டால் வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதே, பேத்திக்கு உரிய வயது ஆனதும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுவிடு. ஒரு அப்பா மகளுக்கு எழுதும் விஷயமா இது என்று பார்க்காதே, நாலு முறை படித்தவன் சொல்கிறேன்.

அம்மா தைரியமாகத்தான் இருக்கிறாள். ஒரு பம்பு கம்பெனியின் விலைப்பட்டியல் வந்திருக்கிறது, நூற்றுப் பதினெட்டு பக்கம், திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றேன், முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன் என்கிறாள். அதனால் இப்போது தினமும் மூன்று மணிநேரம் அரைக் குதிரைசக்தி கால்புள்ளி ஒரு குதிரைசக்தி கால்புள்ளி என்று படித்துக்கொண்டிருக்கிறாள். இருக்கிற குரலுக்கு வேறு எவ்வளவோ நல்ல புத்தகம் அலமாரியில் உண்டு. கால்புள்ளி வரும் இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தாமல் இருந்துகொள்கிறேன்.

உனக்குப் போனில் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. அவ போன்ல அழுவா, நான் சமாதானம் பண்ணணும், இருக்கிற குரலை அதுக்கா செலவு பண்றது, கடுதாசி எழுதுங்க, அங்கேயே அழுது முடிச்சிட்டுக் கூப்பிடட்டும் என்றாள். இன்று இரண்டாம் தேதி, கூரியர் நாலு நாளில் சேரும் என்கிறார்கள். ஆகவே அழு, முகம் கழுவு, பிறகு கூப்பிடு. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்கிறோம், அதற்குள் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. லைன் சரியில்லை என்று மட்டும் சொல்லாதே. பேத்தியைப் பேசவிடாதே, கேட்கவிடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ எங்கள் இருவரின் ஆசி. அம்மா பக்கத்தில் நின்று இதைப் படித்துவிட்டு இரண்டு பிழை திருத்தினாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கைமணி இன்று காலை வந்தது. அம்மா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தாள். எனக்கு நன்றாகக் கேட்கிறது.