குருவிக்காகத் தள்ளிப்போட்ட மருந்து

காரைக்குடி,
ஞாயிறு காலை

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். கோட்டையூர்ச் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரிக்காதவர்கள் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் தாயி, நீ குட்டியாகத் தூக்கிவந்து எங்களிடம் விட்டுப்போன செவலை செத்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போனில் நாயைக் காட்டச் சொன்னபோதெல்லாம் தூங்குகிறது என்றது பொய். அம்மா அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றாள், எனக்குத்தான் வாய் வரவில்லை.

கார் ஷெட்டில் செவலை படுக்கும் இடத்துக்கு மேலே, ஸ்விட்ச் பெட்டி வயரில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தது. அதே சுவரின் வெடிப்பில் உண்ணியும் ஏறியிருந்தது. சுவருக்கு மருந்தடிக்கச் சொல்லி கால்நடை டாக்டர் நாகநாதன் எழுதிக்கொடுத்தார். அந்த நெடியில் குஞ்சு செத்துவிடும், பறந்து போகட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். "பறந்து போற குருவிக்கு இம்புட்டுப் பாக்குறீக, காலடியில கெடக்குறதப் பாக்க மாட்டேங்குறீக" என்று அம்மா சத்தம்போட்டாள். தினமும் உண்ணியைப் பொறுக்கிப் பினாயிலில் போடுகிறோமே, அது போதும் என்று நினைத்தேன். குருவி, உண்ணி இரண்டும் நம் வீட்டுக்குக் குடும்பம் நடத்த வந்தவைதான். குருவி விடியும் முன்பே பாடத் தொடங்கிவிடும், பூனை எட்டிப்பார்த்தால் தெருவையே கூட்டும், எந்தக் குஞ்சுக்கு இறகு முளைத்தது என்பதுவரை எனக்கு அத்துப்படி. உண்ணி வாயே திறக்காது. கடுகளவில் செவலையின் காதுமடலுக்குள் போய் ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிய பிறகுதான் கண்ணில் படும், வயிறு நிறைந்ததும் கழன்று சுவரேறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நான் பாட்டுக் கேட்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

குஞ்சுகள் பறந்த மறுநாளே மருந்தடித்தேன். அன்றைக்குச் செவலை சோறு தின்னவில்லை, ஈறு வெளுத்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். "உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறிருச்சு சார், முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்" என்றார் டாக்டர். நான்காம் நாள் என் மடியில்தான் உயிர் போனது. உண்ணிமேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு எழுதிக்கொடுத்தும் தெரியவில்லையே என்றுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. கொப்புடையம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் திட்டத் தோன்றினால் போன் போட்டு ஆசைதீரத் திட்டு. கோபத்தில் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே தாயி, இன்னொரு குரலும் இல்லாமல் போனால் இந்த வீட்டில் எங்களால் இருக்க முடியாது.

உன் அப்பா,
பூமிநாதன்