ஒவ்வொரு சட்டையாக

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். மூன்று நாளாகப் போனில் நீ கேட்டபோதெல்லாம் எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அந்த வாயை நம்பிப் பயனில்லை. அதனால் நாளைக்கு உன் பக்கம் விமானம் ஏறும் முதல் மாடிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிள்ளை தேறிவிட்டாள், துறுதுறுவென்று இருக்கிறாள் என்று போன மாதம் பெருமையடித்தேனே, அந்தத் துறுதுறுப்புதான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் இந்த வியாதிக்கு, உடம்பை அசைப்பதும் ஒரு மருந்தாம், அளவோடு அசைத்தால். அதற்கென்று ஒரு பயிற்சி டீச்சர் வீட்டுக்கு வந்தார். பாயில் படு, மூச்சு விடு, மெதுவாகக் கையைத் தூக்கு, அவ்வளவுதான். உடம்பைத் தண்டிக்க அசையாதே, அதோடு சிநேகமாகு என்பார். துணைக்கு நானும் படுத்தேன். படுத்தது படுத்ததுதான். எழ முடியாமல் கிடந்த என்னை, டீச்சரும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கப்பலைக் கரையேற்றுவதுபோல இழுத்தார்கள். உன் மகள் வாய்விட்டுச் சிரித்தாள் அக்கா, ஒரு வருஷத்துக்குப் பிறகு. அன்றைக்கு என் தட்டிலிருந்து எடுத்துக்கூடச் சாப்பிட்டாள்.

அந்தச் சிரிப்பில் நான் மயங்கிவிட்டேன். மாடிப்படி கூடாது, தனியாக எதுவும் கூடாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம் தையல் கடை கீழே, வாடிக்கைக்காரர்கள் ஐந்து மாடியிலும். தைத்த துணியை நானே கொடுத்துவிட்டு வருகிறேன் சித்தி என்றாள். நாலு பேரைப் பார்த்தால் மனசு தெளியுமே என்று என் மேதாவித்தனம் சொன்னது. கட்டிடமே அவளைப் புகழ்ந்தது. மூன்றாம் மாடி பல் டாக்டரின் மனைவி, தன் மகன் குடித்த டம்ளரைக்கூட நகர்த்த மாட்டான் என்று பெருமூச்சு விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் மாடி வாத்தியார் கடைக்கு வந்தார். நாலு சட்டையை ஏனம்மா நாலு தடவையாகக் கொடுத்தனுப்புகிறீர்கள், கதவைத் திறந்து திறந்து எனக்குக் கால் வலிக்கிறது என்று விளையாட்டாகத்தான் கேட்டார். நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நாலாம் மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தாள். கையில் ஒரே ஒரு தலையணை உறை. பிறகு விசாரித்ததில், எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. தனியாக ஒரு பட்டன்கூடப் படியேறியிருக்கிறது. தின்ற கொஞ்சத்தையும் படியிலேயே கரைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தாலும் என்னால முடிஞ்சிருக்காது சித்தி. அது என்னை உட்கார விடாது."

இப்போது கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. இதயம் தளர்ந்திருக்கிறதாம். அப்படியும் போர்வைக்குள் கால்விரல்கள் ஓயாமல் ஆடுகின்றன. நேற்று டீச்சர் வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். அவள் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தார். விரல்கள் நின்றன. அவர் போனதும் மறுபடி ஆரம்பித்தன. நானும் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு நிற்கவில்லை. பெற்றவள் கைக்கு நிற்குமோ என்னவோ.

அம்மா எப்போது வருவார் என்று டாக்டர் கேட்டார். ஒப்பந்தம், லீவு, டிக்கெட் என்று நீட்டி முழக்கினேன். நேற்றும் கேட்டார். இன்று காலையில் கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

உன் முதலாளியம்மாவிடம் எந்தப் பொய்யையாவது சொல். தங்கை செத்துவிட்டாள் என்றுகூடச் சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் கோபம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள். என்னைத் திட்டுவதற்காவது உடனே வந்துவிடு, அக்கா.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன,
தங்கை